பத்துப் பேரும் பின்னால் நிற்கும் அணியை எப்படி உடைப்பது? யாரை இறக்குவது?

மைதான ஓரம் எழுதியது:

வணக்கம். ஒரு யோசனை வேண்டும், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் ஒரு அமெச்சூர் கால்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இந்த சீசனில் நன்றாக ஆடுகிறோம். அதனாலோ என்னவோ, எங்களோடு மோத வருகிற அணிகள் இப்போதெல்லாம் ஒரே மாதிரி ஆடுகின்றன. பின்வரிசையில் ஐந்து பேர், அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், நடுக்கோட்டுப் பக்கம் ஒரே ஒருவர். பாக்ஸ் (கோலுக்கு முன்னாலுள்ள பெனால்டி கட்டம்) விளிம்பை விட்டு யாரும் அசைவதே இல்லை.

போன ஆட்டத்தில் முக்கால்வாசி நேரம் பந்து எங்களிடம்தான் இருந்தது. வீடியோவைப் போட்டு எண்ணிப் பார்த்தேன், 27 கிராஸ் (ஓரத்திலிருந்து கோலுக்கு முன்னால் அனுப்பும் பந்து) போட்டிருக்கிறோம். அதில் எங்கள் ஆள் தலையில் பட்டது நான்குதான். 78-வது நிமிடத்தில் எங்கள் கார்னரை வெளியே அடித்தார்கள், அந்தப் பந்தையே பிடித்துக்கொண்டு ஓடிப்போய் கோல் போட்டுவிட்டார்கள். 0-1. பையன்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

வரும் ஞாயிறும் இதே மாதிரி ஆடும் அணிதான். நாங்கள் ஆடுவது 4-3-3, அதாவது பின்னால் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று பேர். ஒரு மிட்ஃபீல்டரை எடுத்துவிட்டு இரண்டாவது ஸ்ட்ரைக்கரை இறக்கலாமா என்று யோசிக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

எட்டாம் நம்பர் எழுதியது:

கட்டாயம் இறக்குங்கள். ஒற்றை ஸ்ட்ரைக்கரை மூன்று சென்டர் பேக் (பின்வரிசையின் நடுவில் நிற்பவர்கள்) சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள். 27 கிராஸில் நான்குதான் தலையில் பட்டது என்றால், கிராஸ் தப்பில்லை, உள்ளே ஆள் போதவில்லை. உயரமான இன்னொருவர் நின்றால் அவர்களில் ஒருவராவது தடுமாறுவார். பாக்ஸுக்குள் ஆள் இல்லாமல் கோல் எங்கிருந்து வரும்?

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

தம்பி, ஸ்ட்ரைக்கரைப் பற்றி அப்புறம் பேசுவோம். முதலில் உங்கள் பின்வரிசையைச் சொல்லுங்கள். எதிரணியில் முன்னால் நிற்பது ஒரே ஆள். அவரைப் பார்த்துக்கொள்ள நீங்கள் எத்தனை பேரை விட்டு வைத்திருந்தீர்கள்?

மைதான ஓரம் எழுதியது:

இரண்டு சென்டர் பேக் எப்போதும் பின்னால். டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரும் அவர்களுக்குப் பக்கத்திலேயே இருப்பார். இரண்டு சென்டர் பேக்கும் உயரமானவர்கள், தலையால் முட்டுவதில் கெட்டி. பந்து காலுக்கு வந்தால் மட்டும் உடனே பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார்கள். பெஞ்சில் ஒரு பையன் இருக்கிறான், முன்பு மிட்ஃபீல்டில் ஆடியவன். நான்காம் நம்பர் சட்டை. உயரம் குறைவு, ஆனால் பந்தை வைத்துக்கொண்டு முன்னேறத் தெரியும்.

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

நீங்கள் தேடிக்கொண்டிருந்த கூடுதல் ஆள் அந்தப் பையன்தான் தம்பி.

கணக்கைப் பாருங்கள். ஒரே ஒரு ஆளுக்காக நீங்கள் மூன்று பேரைப் பின்னால் கட்டி வைத்திருக்கிறீர்கள். அப்போது கோல்கீப்பரை விட்டுவிட்டால் முன்னால் ஏழு பேர், அவர்கள் ஒன்பது பேர். இன்னொரு ஸ்ட்ரைக்கரை இறக்கினாலும் கணக்கு மாறாது. ஏற்கெனவே நெரிசலான இடத்தில் இன்னும் ஒருவரைக் கொண்டுபோய்த் திணிக்கிறீர்கள், அவ்வளவுதான். பாக்ஸுக்குள் ஐந்து பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது அங்கே எத்தனை ஸ்ட்ரைக்கர் நின்றாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. அவர்கள் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: வரிசையை விட்டு ஒருவர் வெளியே வர வேண்டிய கட்டாயம்.

அந்தக் கட்டாயத்தைக் கொடுக்க வேண்டியவர் ஸ்டாப்பர், அதாவது சென்டர் பேக். பந்தைப் பாஸ் செய்யாமல் காலிலேயே வைத்துக்கொண்டு, அவர்களுடைய ஒற்றை ஆளைத் தாண்டி நேராக நடக்க வேண்டும். ஓட வேண்டாம், நடந்தால் போதும். நடுக்கோட்டைத் தாண்டினார், இன்னும் பத்தடி வந்தார், இன்னும் பத்தடி. அந்த நான்கு மிட்ஃபீல்டர்களில் யாராவது ஒருவர் முடிவெடுத்தே ஆக வேண்டும். வெளியே வந்தால் அவர் விட்டுவந்த இடத்தில் உங்கள் பத்தாம் நம்பர் (ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் மிட்ஃபீல்டர்) திரும்பிப் பந்தை வாங்கலாம். வராவிட்டால் ஸ்டாப்பர் கோலுக்கு இருபத்தைந்து கஜம் வரை வந்து தானே அடிக்கலாம். 30 வருடம் முன்னால் இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பந்து வந்தால் ஃபுல் பேக்கிடம் (பின்வரிசையின் ஓரத்தில் நிற்பவரிடம்) கொடு, இல்லையா தூக்கி அடி என்றுதான் வளர்த்தார்கள். இன்றைக்கும் பல அணிகளில் அப்படித்தான் இருக்கிறது என்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பழைய உதாரணம் ஒன்று. 1967 மே 25, லிஸ்பனில் கிளப் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், ஸ்காட்லாந்தின் செல்டிக்கும் இத்தாலியின் இன்டர் மிலானும். 1964, 1965 இரண்டு வருடமும் அந்தக் கோப்பையை வென்ற அணி, ஹெலனியோ ஹெரேரா பயிற்சி கொடுத்த இன்டர். கதவைச் சாத்திக்கொண்டு ஆடுவதில் அவர்களை மிஞ்ச அன்றைக்கு ஆள் கிடையாது. ஏழாவது நிமிடத்திலேயே இன்டரின் மாட்ஸோலா பெனால்டியில் கோல் போட்டுவிட்டார். அப்புறம் என்ன, கதவைச் சாத்திவிட்டார்கள். 63-வது நிமிடத்தில் செல்டிக் சமன் செய்த கோலைத் தேடிப் பாருங்கள். பந்தைக் கொடுத்தவர் ரைட் பேக் கிரெய்க். பாக்ஸுக்கு வெளியேயிருந்து அடித்தவர் லெஃப்ட் பேக் ஜெம்மல். இரண்டாவது கோலும் ஜெம்மல் கொடுத்த பந்தில்தான் ஆரம்பிக்கிறது, மர்டாக் அடித்ததை சாமர்ஸ் திருப்பிவிட்டார். 2-1. உலகத்திலேயே மிக இறுக்கமான பின்வரிசையை உடைத்தது எதிரணியின் ஃபுல் பேக்குகள்.

புது உதாரணமும் இருக்கிறது. 2019 மே 6, மான்செஸ்டர் சிட்டிக்கு லீக்கில் கடைசிக்கு முந்தைய ஆட்டம். ஜெயித்தால்தான் லிவர்பூலைத் தாண்ட முடியும். லெஸ்டர் 70 நிமிடம் அசையவில்லை. அப்போது சென்டர் பேக் கொம்பனி பந்தை வாங்கினார், முன்னால் வந்தார், யாரும் மறிக்கவில்லை, தூரத்திலிருந்தே அடித்தார். 1-0. சீசன் முடிவில் சிட்டி 98 புள்ளி, லிவர்பூல் 97.

எட்டாம் நம்பர் எழுதியது:

ஸ்டாப்பர் அண்ணா, உங்கள் மேல் மரியாதை உண்டு, ஆனால் கொம்பனி கோல் ஒரு திட்டமா? அடிக்காதே என்று சக வீரர்களே கத்தியதாக அவரே பின்னால் சொன்னார். அப்படி ஒரு ஷாட் வாழ்நாளில் ஒருமுறை விழும். அதை நம்பி அணியைத் தேர்வு செய்ய முடியாது.

2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியையும் பாருங்கள். பார்சிலோனா மைதானத்தில் இன்டர். 28-வது நிமிடத்திலேயே இன்டரின் மோட்டா வெளியேற்றப்பட்டு, இன்டர் பத்துப் பேரோடு ஆடியது. எட்டோ மாதிரி ஒரு ஸ்ட்ரைக்கரே ஃபுல் பேக் இடத்தில் நின்று தடுத்தார். கடைசியில் பார்சிலோனா என்ன செய்தது? சென்டர் பேக் பிக்கேயை ஸ்ட்ரைக்கராக முன்னே அனுப்பியது. 84-வது நிமிடம் கோல் போட்டதும் அவர்தான். அதாவது பாக்ஸுக்குள் ஆள் சேர்த்ததால்தான் அந்த ஒரு கோலும் வந்தது.

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

நல்ல கேள்வி. கொம்பனி கோலில் நான் பார்க்கச் சொல்வது ஷாட்டை அல்ல. அதற்கு முந்தைய இரண்டு மூன்று விநாடி. ஒருவர்கூட வெளியே வரவில்லை, ஏனென்றால் ஸ்டாப்பரை யார் பார்ப்பது என்று யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. அதே இடத்தில் அவர் அடிக்காமல் உள்ளே ஒரு பாஸ் கொடுத்திருக்கலாம். அந்த வாய்ப்பு ஒவ்வொரு ஆட்டத்திலும் பத்து முறை வரும்.

பிக்கே விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு கோல் போதவில்லையே. இரண்டு ஆட்டமும் சேர்ந்த மொத்தக் கணக்கில் 3-2 என்று இன்டர்தான் இறுதிக்குப் போனது. கடைசிப் பத்து நிமிடத்துக்கு அது சரியான ஆயுதம். தொண்ணூறு நிமிடத்துக்கும் அதையே நம்பக் கூடாது என்கிறேன்.

ஓரக்கோடு எழுதியது:

விங்கரின் (ஓரத்தில் ஆடும் முன்வரிசை வீரரின்) பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். நான் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறேன், இடது விங்.

கிராஸ் போடும் இடம்தான் பிரச்சினை. பாக்ஸின் மூலைக்கு நேராக நின்றுகொண்டு தூக்கிப் போடும் பந்து, எதிரணி டிஃபென்டரின் முகத்துக்கு நேராக வருகிறது. அவருக்குப் பந்தும் தெரியும், நம் ஸ்ட்ரைக்கரும் தெரிவார். ஒரு அடி முன்னால் வந்து முட்டிவிடுவார். அதே பந்தைக் கோல் கோட்டருகே வரை கொண்டுபோய்ப் பின்னால் தரையோடு இழுத்துக் கொடுங்கள். இப்போது டிஃபென்டர்கள் எல்லாரும் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். பந்து அவர்களுக்குப் பின்னால், பெனால்டி புள்ளிப் பக்கம் போகிறது. அங்கே ஓடி வருகிற மிட்ஃபீல்டருக்கு முழு கோலும் தெரியும். இந்தக் கட்பேக்குக்கு உயரமும் வேண்டாம், இரண்டாவது ஸ்ட்ரைக்கரும் வேண்டாம்.

அதனால் ஆள் தேர்வில் இதைக் கவனியுங்கள். இரண்டு விங்கரும் உள்ளே வெட்டி வருகிறவர்களாக இருந்தால், அதாவது இடப்பக்கம் வலதுகாலர், வலப்பக்கம் இடதுகாலர் என்றால், அவர்கள் போய் முட்டுவது அந்த ஒன்பது பேர் சுவரில்தான். ஒரு பக்கமாவது அதே பக்கத்துக் கால் உள்ளவரைப் போடுங்கள். இல்லையென்றால் விங்கர் உள்ளே வரும்போது அவருக்கு வெளியே ஓடிப்போக ஒரு ஃபுல் பேக் வேண்டும்.

இன்னொன்று, வேகம். ஸ்பெயினை நினைத்துக்கொள்ளுங்கள். 2018 உலகக் கோப்பையில் ரஷ்யாவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேல் பாஸ். அவர்களுக்குக் கிடைத்த ஒரே கோலும் ரஷ்ய டிஃபென்டர் தன் வலையிலேயே விட்டது. 1-1, பெனால்டியில் தோல்வி. 2022-ல் மொராக்கோவோடு மறுபடி ஆயிரம் பாஸ், 120 நிமிடம், 0-0, மூன்று பெனால்டியையும் கோட்டைவிட்டார்கள். அந்த இரண்டு ஆட்டத்தையும் முழுசாக உட்கார்ந்து பார்த்தேன், மனசு கனத்துப்போனது. இவ்வளவு திறமையான கால்கள், ஆனால் பந்து பக்கவாட்டிலேயே போய் வந்துகொண்டிருந்தது. பந்து மெதுவாக நகர்ந்தால் அவர்களும் மெதுவாக நகர்ந்து இடத்தை அடைத்துக்கொள்வார்கள். இடப்பக்கம் ஐந்தாறு சின்ன பாஸ் ஆடி எல்லாரையும் அங்கே இழுத்துவிட்டு, ஒரே உதையில் வலப்பக்கம் மாற்ற வேண்டும். நடுவில் நான்கு பேர் தொட்டுத் தொட்டுப் போனால் அந்த மாற்றத்தில் பயனில்லை.

வலைக்காவலன் எழுதியது:

இதுவரை எல்லாரும் தாக்குகிற பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் பல வருடம் அந்தச் சுவருக்குப் பின்னால் நின்ற கோல்கீப்பர். எங்கள் அணி பலவீனமானது, அதனால் பெரிய அணிகளோடு அப்படித்தான் ஆடுவோம். உள்ளேயிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

உயரக் கிராஸ் வந்தால் எங்களுக்கு நிம்மதி. நிஜமாகவே நிம்மதி. பந்து காற்றில் இருக்கும் நேரம் எல்லாரும் மூச்சு விட்டுக்கொள்ளும் நேரம். முட்டி வெளியே அனுப்பிவிட்டு நான்கு அடி முன்னால் வந்து வரிசையைச் சரிசெய்துகொள்வோம். எதிரணி இரண்டாவது ஸ்ட்ரைக்கரை இறக்கினால் எங்கள் பயிற்சியாளர் முகத்தில் கவலை தெரியாது, ஏனென்றால் நடுவில் அவர்களுக்கு ஒரு ஆள் குறைந்துவிட்டார். முட்டி வெளியே வந்த பந்து எங்கள் காலுக்கு வர ஆரம்பிக்கும்.

எங்களைத் தின்றது வேறு இரண்டு. ஒன்று, ஸ்டாப்பர் அண்ணா சொன்னதேதான். அவர்களுடைய சென்டர் பேக் பந்தோடு வரும்போது எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்து "நீ போ, நீ போ" என்று கத்துவார்கள். நானும் கத்துவேன். அந்தக் கத்தலே எங்கள் வரிசை குலைந்துவிட்டது என்பதற்கு அடையாளம்.

இரண்டாவது, ஃபுல் பேக்குக்கும் பக்கத்து சென்டர் பேக்குக்கும் நடுவில் உள்ள சந்து. அந்த இடத்தில் ஒரு ஆள் சும்மா நின்றால் பயமில்லை. அங்கே பின்னாலிருந்து ஓடி வருகிற ஆள்தான் ஆபத்து, ஏனென்றால் பந்தைப் பார்த்தால் அவர் தெரியமாட்டார், அவரைப் பார்த்தால் பந்து தெரியாது.

கால் ஓய்வதையும் கணக்கில் எடுங்கள். தடுத்து ஆடுவதில் ஓட்டம் குறைவு என்று வெளியே தோன்றும். பக்கவாட்டில் சின்னச் சின்னதாக நகர்ந்துகொண்டே இருப்பது தொடையைக் கொன்றுவிடும். 65 நிமிடத்துக்குப் பிறகு ஒரு அடி தாமதமாகும். 2022 ஏப்ரலில் சிட்டியும் அட்லெடிகோ மாட்ரிட்டும் ஆடிய சாம்பியன்ஸ் லீக் காலிறுதி முதல் ஆட்டம் அதற்குச் சரியான பாடம். அட்லெடிகோ சில நேரம் ஐந்து பேர், ஐந்து பேர் என்று இரண்டு வரிசை கட்டி நின்றது, முன்னால் ஒருவர்கூட இல்லை. 68-வது நிமிடத்தில் சிட்டியின் ஃபோடன் உள்ளே வந்தார். 70-வது நிமிடத்தில் அவர் நெரிசலுக்குள் நுழைந்து கொடுத்த பந்தில் டி புருய்னா கோல். 1-0. உங்கள் அணியில் குறுகின இடத்தில் பந்தைத் திருப்பத் தெரிந்த ஒருவரை 60 நிமிடம் வரை பெஞ்சில் வைத்திருங்கள். முதல் நிமிடத்திலிருந்து அவரை விட்டால், அவர்கள் களைக்கும்போது அவரும் களைத்திருப்பார்.

மைதான ஓரம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

எனக்கு ஒரு பயம் மட்டும் போகவில்லை. நான்காம் நம்பர் பந்தோடு போய் இழந்துவிட்டால்? போன வாரம் வாங்கிய கோலே, அவர்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் வந்ததுதான். உயரமான ஒருவரை வெளியே உட்காரவைத்தால் அவர்கள் தூக்கி அடிக்கும் நீளப் பந்தை யார் முட்டுவது?

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

இரண்டு உயரமானவர்களில் ஒருவர் இருக்கட்டும். அவர் அந்த ஒற்றை ஸ்ட்ரைக்கரோடு ஒட்டியே நிற்பார். பக்கத்தில் நான்காம் நம்பர். அவன் மேலே போகும்போது டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் இறங்கி அவன் இடத்தில் நிற்க வேண்டும். இதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அரைமணி நேரமாவது நடந்து பழகுங்கள். பேச்சில் சொல்லிவிட்டால் ஆட்டத்தில் நடக்காது.

இரண்டு ஃபுல் பேக்கையும் ஒரே நேரத்தில் ஏற விடாதீர்கள். ஒருவர் ஓரமாக ஏறினால் மற்றவர் உள்ளே, மிட்ஃபீல்டுக்குப் பக்கத்தில் வரட்டும். அவர் அங்கே நின்றால் முட்டி வெளியே வரும் பந்தும் கிடைக்கும், கவுன்ட்டரையும் (எதிர்த்தாக்குதலையும்) முளையிலேயே நிறுத்தலாம். 2018 உலகக் கோப்பையில் ஜெர்மனியும் மெக்சிகோவும் ஆடியதைப் பாருங்கள். ஜெர்மனியின் ரைட் பேக் மேலேயே இருந்தார், நடுவில் மறிக்க ஆள் இல்லை, சென்டர் பேக்குகள் திறந்த வெளியில் மாட்டிக்கொண்டார்கள். 35-வது நிமிடம் மெக்சிகோவின் லோசானோ, 0-1. அன்றைக்கு மெக்சிகோ திரும்பத் திரும்ப அதே வழியில் வந்தது.

எட்டாம் நம்பர் எழுதியது:

சரி, வலைக்காவலன் எழுதியதைப் படித்த பிறகு என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இரண்டாவது ஸ்ட்ரைக்கர் கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும், அதுவும் 0-0 என்றால்.

கார்னர், ஃப்ரீ கிக் பற்றி யாரும் பேசவில்லையே. சுவர் கட்டுகிற அணியோடு உங்களுக்குக் கார்னர் நிறைய கிடைக்கும். 2018 உலகக் கோப்பையில் இங்கிலாந்து அடித்த 12 கோலில் 9 நின்ற பந்திலிருந்து வந்தவை, அதில் மூன்று பெனால்டி. 2004-ல் நாடுகளுக்கான யூரோ கோப்பையை கிரீஸ் வென்றதும் லிஸ்பனில் ஒரு கார்னரில்தான், சரிஸ்டியாஸ் தலையால். வாரத்தில் ஒரு நாளாவது இதற்கென்று ஒதுக்குங்கள்.

மைதான ஓரம் எழுதியது:

ஞாயிறு ஆட்டம் முடிந்தது. 1-1.

முதலில் நல்ல செய்தி. நான்காம் நம்பரை ஆரம்பத்திலிருந்தே இறக்கினேன். முதல் இருபது நிமிடம் தயங்கினான், நடுக்கோடு வந்ததும் பந்தைத் தள்ளிவிட்டான். இடைவேளையில் "உன்னை மறிக்க ஒருவர் வரும்வரை நடந்துகொண்டே இரு, வந்தால் பாஸ் கொடு" என்று மட்டும் சொன்னேன். 64-வது நிமிடம். இடப்பக்கம் பந்து சுற்றிக்கொண்டிருந்தது, திரும்ப அவனுக்கு வந்தது. நடந்தான். அவர்களுடைய வலது மிட்ஃபீல்டர் ஒரு அடி வந்தார், நின்றார், இன்னும் ஒரு அடி வந்தார். அவருக்குப் பின்னால் எங்கள் பத்தாம் நம்பருக்குத் தரையோடு ஒரு பாஸ். அவன் ஒரே தொடுதலில் ஃபுல் பேக்குக்கும் சென்டர் பேக்குக்கும் நடுவில் உள்ள அந்தச் சந்தில் விட்டான். எங்கள் லெஃப்ட் பேக் கோல் கோட்டருகே ஓடிப்போய்ப் பின்னால் இழுத்தான். எட்டாம் எண் சட்டைக்காரன் ஓடி வந்து பாதத்தின் உட்பக்கத்தால் வைத்தான். அவர்களுடைய ஐந்து டிஃபென்டரும் கோலுக்குள் பாதி நுழைந்து நின்றார்கள். அந்த வீடியோவை நேற்றிலிருந்து எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

அப்புறம் நடந்தது என் தவறு. முன்னிலை கிடைத்ததும், பத்திரமாக ஆடுங்கள் என்று நான்தான் ஓரத்தில் நின்று கத்தினேன். எல்லாரும் எங்கள் பாக்ஸுக்கே இறங்கிவிட்டார்கள். 83-வது நிமிடம் அருகிலேயே ஒரு ஃப்ரீ கிக் கொடுத்தோம், தலையால் அடித்துவிட்டார்கள்.

பழைய ஸ்டாப்பர் எழுதியது:

கோல் அருமை தம்பி, அந்தப் பையனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்: கோலுக்குப் பிறகு அவன் எத்தனை முறை பந்தோடு நடுக்கோட்டைத் தாண்டினான்?

மைதான ஓரம் எழுதியது:

இப்போதுதான் மறுபடி ஓட்டிப் பார்த்தேன் அண்ணா. ஒருமுறைகூட இல்லை. 66-வது நிமிடத்தில் போகப் பார்த்தான், நான் கையைக் காட்டி நிறுத்தியிருக்கிறேன். வரும் ஆட்டத்துக்கும் அதே பின்வரிசைதான், அவனிடமும் இன்று மாலைப் பயிற்சியில் பேசுகிறேன்.